படித்துவிட்டு வேலையா, வேலையிலேயே படிப்பா?

(நீடாமங்கலத்தில் நடந்த பட்டிமன்றத்தில் நடுவராக இருந்து வழங்கிய தீர்ப்புரை)

அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்துகொண்டு, 'இந்த ஆள் எப்போ தீர்ப்புச் சொல்லி முடிப்பான்' என்று பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தைச் செல்வங்களே! (சிரிப்பு) 

நீடாமங்கலம் எனக்குப் புது ஊர் இல்லை. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர்ப் பக்கம் போகிற எவனும் இந்த ஊர் ரயில்வே கேட்டுக்குத் தப்பியிருக்க முடியாது. பஸ்ஸில் வந்து நின்றிருக்கிறேன். சைக்கிளில் வந்து நின்றிருக்கிறேன். ஒருதரம் கல்யாண வேனில் வந்து நின்றேன். வேன் இந்தப் பக்கம், மண்டபம் அந்தப் பக்கம். மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டுது. "மாமா, முகூர்த்தம் தப்பிடும் போலருக்கே"ன்னு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அவசரப்படாதீங்க மாப்ளே. யோசிக்கிறதுக்குக் கடவுள் கடைசியா ஒரு அரை மணி நேரம் கொடுத்திருக்காரு!" (பலத்த சிரிப்பு)

இன்றைய தலைப்பும் அந்தக் கேட்டு மாதிரிதாங்க. இந்தப் பக்கம் கல்லூரி. அந்தப் பக்கம் வேலை. நடுவிலே கேட்டு. மூன்று வருஷம் இந்தப் பக்கம் நின்ற பையன், கேட்டுத் திறந்ததும் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அங்கே என்ன கேட்கிறார்கள்? "அனுபவம் இருக்கா?" அந்தப் பக்கம் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், ஒரு படி மேலே போகலாம் என்று இந்தப் பக்கம் வருகிறார். இங்கே என்ன கேட்கிறார்கள்? "பட்டம் இருக்கா?" அவனிடம் இது இல்லை, இவரிடம் அது இல்லை. இரண்டு பேரும் வெயிலில் நிற்கிறார்கள்.

'படித்துவிட்டுத்தான் வேலை' என்ற அணி அருமையாக வாதாடியது. அந்த அணியின் தலைவி கேட்டார்களே ஒரு கேள்வி, அதற்கு எதிரணியிலிருந்து கடைசிவரை பதில் வரவில்லை. "பதினெட்டு வயசுப் பிள்ளையை வேலைக்கு அனுப்பி அங்கேயே படின்னா, முதலாளி வேலையை வாங்குவாரா, பாடத்தைச் சொல்வாரா?" என்று கேட்டார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். "எங்க தெருப் பொண்ணுங்களுக்குக் கல்லூரின்னா வெறும் படிப்பு இல்லைங்க. கல்யாணப் பேச்சை மூணு வருஷம் தள்ளிப்போடற வேலி அது. அந்த வேலியைப் பிடுங்கிடாதீங்க" என்றார்கள். தாய்மார்கள் பக்கம் கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. என் மனைவியும் தட்டினதை நான் கவனித்தேன். (சிரிப்பு)

'வேலையிலேயே படிப்பு' என்ற அணி சும்மா இருக்குமா? ஒரு தம்பி வந்து ஒரே போடாகப் போட்டார். வீட்டில் பையன் எலக்ட்ரிகல் இன்ஜினீயர். ஃபியூஸ் போய்விட்டது. அம்மா சொல்றாங்க: "தம்பி, கொஞ்சம் பாருப்பா." பையன் சொல்றான்: "அம்மா, எனக்கு ஃபியூஸ் ஏன் போச்சுன்னு சொல்லத் தெரியும். போடத் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடு!" (பலத்த சிரிப்பு) சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பையனைக் குறை சொல்லி என்ன பயன்? நாலு வருஷத்தில் அவன் கையில் யாராவது ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தோமா?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் 'இரண்டும் வேண்டும்' என்று சொல்லிவிட்டுச் சால்வையை வாங்கிக்கொண்டு நழுவுகிற நடுவர் நான் இல்லை. தீர்ப்புச் சொல்வேன். அதற்கு முன்னால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன் முறை. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. பதினாறு வயதில், இந்த வட்டாரத்தில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நான் எம்.ஏ. படித்தபோது விடுமுறைக்கு வந்தால் அவரைப் பார்க்க ஆலைக்குப் போவேன். ஊறல் தொட்டி வாடை குடலைப் புரட்டும். அவருக்கு அந்த வாடையே கடிகாரம். முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் நேரம் இருக்கு" என்பார். களத்தில் காய்கிற நெல்லில் ஒன்றை எடுத்துப் பல்லிடுக்கில் வைப்பார். 'கடக்'. அந்தச் சத்தத்திலே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்.

ஒரு நாள் நல்ல உச்சி வெயில். பாதி காய்ந்த நெல்லைக் களத்து அக்காமார்களிடம் சொல்லிக் குவித்து மூடிவைத்தார். எனக்குப் புரியவில்லை.

"ஏன்ணே, வெயில் நல்லா அடிக்குதே, காஞ்சுட்டுப் போவட்டுமே?"

"ஒரே மூச்சுல காயவிட்டா நெல்லு உள்ளுக்குள்ள விரிசல் விட்டுரும்டா தம்பி. அரைச்சா நொய்யாப் போவும். குவிச்சு மூடி ஆறவிட்டு, பொறவு விரிக்கணும்."

"விரிசல் ஏன் விடுது?"

"அது தெரியாதுடா. எங்க மேஸ்திரி சொன்னாரு. செஞ்சா நொய் விழல."

பின்னால் நான் தெரிந்துகொண்டேன். அவித்த நெல்லின் மேல்பாகம் சீக்கிரம் காய்கிறது, நடுப்பாகத்தில் ஈரம் நிற்கிறது. மேலே சுருங்குது, உள்ளே சுருங்கலை. அந்த இழுப்பில் அரிசி வெடிக்கிறது. நடுவிலே ஆறப்போட்டால் உள் ஈரம் மெல்ல வெளியே பரவுகிறது, அரிசி முழுசாக வருகிறது. எப்படிச் செய்வது என்று அண்ணனுக்குத் தெரியும். ஏன் என்று பல்கலைக்கழகத்துக்குத் தெரியும். இந்த 'எப்படி'யும் அந்த 'ஏன்'னும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் முப்பது வருஷம் சந்தித்துக்கொள்ளவே இல்லையே, அதுதாங்க என் வருத்தம். (கைதட்டல்)

கதை இன்னும் முடியவில்லை. பிற்பாடு அண்ணனைப் பாய்லருக்கு மாற்றினார்கள். உமி போட்டு எரிக்கிற பாய்லர். நீராவி அழுத்தத்தோடு விளையாட முடியுமா? வெடித்தால் உயிர் போகும். அதனால்தான் 1923-லேயே கொதிகலன் சட்டம் வந்துவிட்டது. தகுதிச் சான்று உள்ளவர் பொறுப்பில்தான் பாய்லர் இருக்க வேண்டும். நல்ல சட்டம். அந்தச் சான்றுக்குத் தேர்வும் உண்டு. தேர்வு எழுத, பாய்லரில் வேலை பார்த்ததற்கு வேலை கொடுத்தவரிடமிருந்து எழுத்தில் ஒரு சான்று வேண்டும்.

அண்ணன் போய் முதலாளியிடம் கேட்டார். அவர் யார், எந்த ஆலை என்பதெல்லாம் வேண்டாம். அவர் கெட்டவரும் இல்லை. தீபாவளிக்கு வேட்டி கொடுப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பணம் கொடுப்பார். அவர் சொன்னது: "உனக்கு எதுக்குய்யா சர்ட்டிபிகேட்? நான் இருக்கேன்ல?"

அவர் இருந்தார். ஆலை இல்லாமல் போயிற்று. பங்காளித் தகராறில் மூடிவிட்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த அண்ணன் வெறுங்கையோடு இன்னோர் ஊர் ஆலைக்குப் போய் நின்றார். "பாய்லர் தெரியும்" என்றார். "சர்ட்டிபிகேட் இருக்கா?" என்றார்கள். அங்கே பாய்லருக்குப் பொறுப்பாக இருந்தது யார் தெரியுமா? அண்ணனிடம் உமி தள்ளக் கற்றுக்கொண்ட பையன். ஓடிவந்து, "அண்ணே, நீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவனால் வேறு என்ன செய்ய முடியும்? அந்த ஆலையில் அண்ணனுக்குக் கிடைத்த வேலை மூட்டை தூக்குவது. நாற்பத்தெட்டு வயதில், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கினார்.

(சற்று அமைதி)

இப்போது தலைப்புக்கு வருகிறேன். வேலையிலே படிப்பு நடக்கிறதா என்பது ஒரு கேள்வியே இல்லை. தினமும் நடக்கிறது. தச்சன் பட்டறையில் நடக்கிறது. மருத்துவமனை வார்டில் நடக்கிறது. இந்த ஊர் தவிலுக்குப் பேர் போன ஊர். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்றால் தவில் உலகமே எழுந்து நிற்கும். அந்தக் காலத்துத் தவில் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? குருவின் வீட்டிலும், கோயில் புறப்பாட்டிலும், தாளம் போட்டுக்கொண்டே படித்தார்கள். வேலைதான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் படிப்புக்குக் கணக்கு எழுதுகிறது யார்? முத்திரை குத்துகிறது யார்? அந்தத் தாள் யாருடைய பெட்டியில் இருக்கிறது?

நான் தமிழ் வாத்தியார். எங்கள் பவணந்தி முனிவரிடம் போகாமல் எனக்குத் தூக்கம் வராது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதியவர். மாணவன் எப்படிக் கற்கிறான் என்று அவர் ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் அதில் கால் பங்கு அறிவுதான் வரும். இன்னொரு கால் பங்கு, கூட இருப்பவர்களோடு பழகிப் பயிலும்போது வரும். மிச்சம் அரைப் பங்கு? பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வரும். பேராசிரியரான எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கவே இல்லை. அரசாங்கத்துக்குத் தெரிந்தால் சம்பளத்தையும் கால் பங்காக்கிடுவாங்க! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இதில் ஒரு நுட்பம் இருக்கு, கவனியுங்க. கூட இருப்பவரைச் சொல்ல அவர் போடுகிற சொல்லுக்கு நேர்ப்பொருள், அதே வினையைச் செய்பவர் என்பது. உரைகாரர்கள் உடன் படிக்கிற மாணவர் என்று விளக்கம் சொல்வார்கள். சொல்லோ தொழில் களத்துக்கும் பொருந்துகிறது. அண்ணனுக்கு மேஸ்திரி சொன்னது ஒரு கால். களத்து அக்காமார்களோடு பழகியது ஒரு கால். அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தாரே, அது அரை. நன்னூல் கணக்குப்படி அண்ணன் முழுப் புலவர். நம் பல்கலைக்கழகக் கணக்குப்படி எட்டாவது பாஸ்.

சரி, இந்தக் கேட்டைத் திறக்க யாராவது முயற்சி செய்தார்களா? செய்தார்கள். அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர், 1906-இல் 27 மாணவர்களை வைத்துக்கொண்டு தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பு, அடுத்த வாரம் ஆலை. இவன் வகுப்பில் இருக்கும்போது அவன் ஆலையில்; அடுத்த வாரம் மாறிக்கொள்ள வேண்டும். ஆலைக்காரருக்கு ஆள் குறையாது, பையனுக்குப் படிப்பு குறையாது. நம்ம கோயம்புத்தூரில் 1951-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் தொழிற்கூடத்தை ஒட்டியே வளர்ந்தது. 'சாண்ட்விச்' படிப்பு நடத்திப் பேர் வாங்கியது. சாண்ட்விச் என்றதும் சில பேர் மணியைப் பார்க்கிறீர்கள். (சிரிப்பு) ரொட்டிக்கு நடுவே காய்கறி மாதிரி, படிப்புக்கு நடுவே ஆலை வேலை. அவ்வளவுதான்.

இதெல்லாம் மாணவனை ஆலைக்கு அனுப்புவது. வேலையில் இருக்கிறவரிடம் பல்கலைக்கழகம் போவது இன்னொரு வகை. பிலானியில் இருக்கிற பிட்ஸ் நிறுவனம் 1979 முதல் அதைச் செய்துவருகிறது. வேலையை விடாமல் படிக்கலாம். பார்க்கிற வேலையே படிப்பின் ஒரு பகுதி. 1995-இல் விப்ரோ நிறுவனம் அவர்களோடு சேர்ந்து, பி.எஸ்ஸி. முடித்த பிள்ளைகளை வேலைக்கு எடுத்து, நான்கு வருஷத்தில் முதுகலைப் பட்டம் வாங்க வழி செய்தது. பக்கத்திலேயும் இருக்குங்க. எச்.சி.எல். நிறுவனம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலையில் வைத்துக்கொண்டது. வேலை பார்த்தபடியே அவர்கள் பட்டம் படிக்கக் கைகோத்த பல்கலைக்கழகங்களில் ஒன்று தஞ்சாவூர்த் திருமலைசமுத்திரத்தில் இருக்கிற சாஸ்த்ரா.

"ஐயா, அதெல்லாம் கம்ப்யூட்டர்க் கம்பெனி. நம்ம நெல்லுக்கும் உரக்கடைக்கும் நடக்குமா?" என்று ஒரு பெரியவர் கேட்பது காதில் விழுகிறது. நடந்திருக்கிறது ஐயா, உங்கள் மண்ணிலேயே நடந்திருக்கிறது!

அறுபதுகளில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. குறுவை அறுவடை மழையில் மாட்டியது. ஈர நெல் முளைவிட்டது, ஆலைகள் திண்டாடின. 1967-இல் திருவாரூரில், தஞ்சாவூர் கூட்டுறவு விற்பனைக் கூட்டமைப்பின் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். ஆலைக்காரர்கள் அழுத அழுகைக்கு மருந்து தேடத் தொடங்கிய இடம் அது. 1984-இல் தஞ்சாவூருக்கு வந்தது. 2021-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. இன்றைக்கு முனைவர் பட்டம்வரை படிக்கலாம். ஓர் அரிசி ஆலையின் ஓரத்து அறை உயர்கல்வி நிறுவனமாக வளர்ந்த கதை நம் திருவாரூர்க் கதை. (கைதட்டல்)

அடுத்து உரக்கடை. ஒரு விவசாயி இலையைக் கிள்ளிக்கொண்டு முதலில் யாரிடம் ஓடுகிறார்? வேளாண் அதிகாரியிடமா? உரக்கடைக்காரரிடம். வயலுக்கு அவர்தான் டாக்டர். டாக்டர் படிக்காத டாக்டர்! ஐதராபாத்தில் இருக்கிற 'மேனேஜ்' என்ற வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம், 2003-இல் இவர்களுக்காக ஒரு வருஷ டிப்ளமோ தொடங்கியது. 48 வாரம். வாரம் ஒரு நாள், கடைக்கு விடுமுறை விடுகிற நாளில். 40 வகுப்பு, 8 களப் பயணம். கடையை மூடச் சொல்லவில்லை, கடையையே பாடமாக்கினார்கள். இன்றைக்கு வந்த நோயிலையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகலாம். பின்னால் பூச்சிமருந்து விற்க உரிமம் வேண்டுமானால் ஒரு படிப்புத் தகுதி வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. இந்த ஊரிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் பிறந்தது. செய்து கற்பது, செய்ய வைத்துக் கற்பிப்பது என்பதே அந்த நிலையங்களின் வேதம்.

இப்போது சட்டமும் இடம் கொடுக்கிறது. தொழில் பழகுநர் சட்டம் 1961-இலேயே வந்தது. 2020-இல் பல்கலைக்கழக மானியக் குழு, தொழிற்பயிற்சியைப் பட்டப்படிப்புக்குள்ளேயே வைக்க வழிகாட்டுதல் கொடுத்தது. 2021-இல் கிரெடிட் வங்கி வந்தது. வங்கி என்றதும் நகைக்கடன் கிடைக்குமா என்று கேட்காதீர்கள்! (சிரிப்பு) படித்த படிப்புக்கான புள்ளிகளை உங்கள் பெயரில் சேர்த்து வைக்கிற கணக்கு அது. 2023-இல் தேசிய கிரெடிட் கட்டமைப்பு வந்தது. 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட். வருஷத்துக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட். மூன்று வருஷம், 120 கிரெடிட். வகுப்பில் கற்றதோ, வேலையில் கற்றதோ, முறையாக மதிப்பிட்டால் கணக்கில் ஏறும்.

நான் சும்மா இருப்பேனா? அண்ணனுக்குக் கணக்குப் போட்டேன். நாளுக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள், 32 வருஷம். 76,800 மணி நேரம். முப்பதால் வகுத்தால் 2,560 கிரெடிட். அதாவது எங்கள் அண்ணனுக்கு இருபத்தோரு பட்டம்! (சிரிப்பு, கைதட்டல்) அப்படிக் கொடுக்க முடியாது, எனக்கும் தெரியும். ஒரே வேலையை முப்பது வருஷம் செய்தால் அது முப்பது வருஷப் படிப்பு ஆகாது. என்ன கற்றார் என்று அளந்து பார்க்க வேண்டும். ஆனால் இருபத்தொன்றுக்கும் பூச்சியத்துக்கும் நடுவே ஒரு நியாயமான எண் இருக்கிறதா இல்லையா? அதைக் கண்டுபிடிக்கத்தானே பல்கலைக்கழகம்?

ஆகவே என் தீர்ப்பு: வேலையிலேயே படிப்பு! (நீண்ட கைதட்டல்) இருங்கள், இருங்கள். தோற்ற அணியின் தலைவி கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. முதலாளி வேலையை வாங்குவாரா, பாடத்தைச் சொல்வாரா என்றார்களே, அதற்குப் பதில் சொல்லாமல் இந்தத் தீர்ப்பு செல்லாது.

இந்த ஊர்ப் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாறு அங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. மதகுக் கதவின் சாவியை ஓர் ஆற்றுக்காரர் கையில் மட்டும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? மற்ற இரண்டு பக்கமும் பயிர் காயும். வேலையிலே படிப்பு என்பதும் மூன்று பேர் பங்கு. வேலை கொடுப்பவர், பல்கலைக்கழகம், படிக்கிற தொழிலாளி. சாவி ஒருத்தர் கையில் இருக்கக் கூடாது. அதனால் நான்கு நிபந்தனை வைக்கிறேன்.

ஒன்று. பாடத்திட்டத்தை ஆலைக்காரரும் பேராசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். ஆலைக்காரர் மட்டும் எழுதினால் அவர் ஆலையின் இயந்திரம் மட்டும் பாடமாகும். ஆலை மூடினால் படிப்பும் மூடிவிடும். பேராசிரியர் மட்டும் எழுதினால் முதல் பாடமே 'நெல்லின் தோற்றமும் வளர்ச்சியும்' என்று தொடங்கும்! (சிரிப்பு) நொய் ஏன் விழுகிறது, ஊறல் ஏன் நாறுகிறது, பாய்லர் எப்போது வெடிக்கும், இதெல்லாம் எந்த ஆலைக்குப் போனாலும் கைகொடுக்கிற பாடம். தமிழும் ஒரு பாடமாக இருக்க வேண்டும். "ஆலை வேலைக்குத் தமிழ் எதுக்கு?" என்பீர்கள். தனக்கு உரிய சான்றைத் தானே விண்ணப்பம் எழுதிக் கேட்பதற்குங்க!

இரண்டு. சொல்லிக்கொடுக்கிற மேஸ்திரியை ஆசிரியர் என்று எழுதி, அதற்கு ஒரு தொகையும் கொடுக்க வேண்டும். அண்ணன் ஊதியம் இல்லாத பேராசிரியராக இருந்தார். களத்தில் நெல் கிண்டுகிற அக்காமாருக்கும் இது பொருந்தும். நெல் காய்கிற பக்குவத்தை அவர்கள் காலால் அறிவார்கள். அவர்களை எந்தக் கணக்கிலும் சேர்த்ததில்லை.

மூன்று. படிக்கிற நேரம் வேலை நேரத்துக்குள் வர வேண்டும். உரக்கடைக்காரர் தன் கடைக்குத் தானே முதலாளி. விடுமுறை நாளைப் படிப்புக்குக் கொடுத்தார். கூலி வாங்குகிற பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டு வேலை மலைபோல் கிடக்கும். பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்கிற வேலியையும் யாரும் பிடுங்க வேண்டாம். அவர்கள் கல்லூரியில் இருக்கட்டும். ஒன்றிரண்டு பருவம் வேலைக் களத்துக்கும் போகட்டும். பல்கலைக்கழகம், கல்லூரிக்கு வர முடியாமல் போனவரைத் தேடிப் போகட்டும்.

நான்கு. இதுதான் முக்கியம். மதிப்பெண்ணை முதலாளி மட்டும் போடக் கூடாது. கற்றதற்கான பதிவு, கற்றவர் பெயரில், பல்கலைக்கழகத்தின் ஏட்டில் இருக்க வேண்டும். முதலாளி நல்லவராக இருக்கலாம்; தீபாவளிக்கு வேட்டி கொடுக்கலாம். ஆனால் ஒரு மனிதனுடைய அறிவுக்கான தாள், இன்னொரு மனிதனுடைய மேசை டிராயரில் பூட்டிக் கிடக்கக் கூடாது. (நீண்ட கைதட்டல்)

முதலாளியை மட்டும் சொல்லிவிட்டு நான் நல்லபிள்ளையாக இறங்கிப் போனால் அது நியாயம் இல்லை. உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் முனைவர் பட்ட ஆய்வு, காவிரிப் பாசனப் பகுதியின் தொழிற்சொற்களைப் பற்றியது. நெல் அவிப்பது, காயவைப்பது பற்றிய சொற்களை யாரிடம் கேட்டு எழுதினேன் தெரியுமா? அண்ணனிடம். ராத்திரி ஷிப்டில் பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். அந்த அத்தியாயத்தைத் தேர்வாளர்கள் தனியாகப் பாராட்டினார்கள். பல்கலைக்கழகம் எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. அவருக்கு நான் கொடுத்தது, நன்றியுரையில் ஒரு வரி. அவருடைய அறிவுக்கு முத்திரை குத்தத்தான் செய்தார்கள். என் பெயரில் குத்திவிட்டார்கள்.

சென்ற மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வயதாகிவிட்டது, இடுப்பு வலி. பேச்சுவாக்கில் கேட்டார்: "ஏன்டா தம்பி, உன் புத்தகத்துல எம் பேரு இருக்காமே? எத்தினியாவது பக்கம்?" மறுநாள் புத்தகத்தைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, தன் பெயர்மேல் விரலை வைத்துப் படித்தார். பேரனைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னிடம், "பக்கத்துல பாய்லருன்னு போடலியேடா" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த பதிப்பில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் புத்தகத்தில் ஒரு சொல்லைத் திருத்துவது என்னால் ஆகும். இந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் பாய்லர் பக்கத்தில், களத்தில், பட்டறையில், வார்டில், பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதப்படாமல் நிற்கிறார்களே, அவர்களுக்கு எழுதுவது ஆலைக்காரர்களும் பல்கலைக்கழகங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் ஆகும். சீக்கிரம் உட்காருங்கள் ஐயா. கேட்டுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் ரொம்ப நேரமாக வெயிலில் நிற்கிறார்கள்.



(நீண்ட கைதட்டல்)